பதிவில் இல்லாத வாக்கு: கொடைக்கானலில் ஒரு துண்டறிக்கை தயாரானபோது

எதைப் பற்றிய ஆய்வு

2019 மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன், கொடைக்கானலில் ஒரு சிறு குழு அரசியல்வாதி ஒருவரின் வாக்களிப்பு வரலாற்றைச் சரிபார்க்க உட்கார்ந்தது. அரசு அலுவலகங்களில் நடக்கும் முறைகேட்டைத் துணிந்து வெளியே சொல்பவர்களைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு அவர் நாடாளுமன்றத்தில் எப்படி வாக்களித்தார் என்பதுதான் கேள்வி. ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை. முடியவில்லை. ஏன் முடியவில்லை, அதற்குப் பிறகு குழு என்ன செய்தது என்பதை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

குழு என்றால் பெரிய அமைப்பு எதுவும் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், உள்ளூர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர், டாக்சி வைத்திருக்கும் ஓட்டுநர், சின்ன விடுதி நடத்தும் அக்கா ஒருவர், முதுகலை முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண், அப்புறம் நான். கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். யாருடைய பெயரும், எந்த அலுவலகத்தின் பெயரும், எந்தக் கட்சியின் பெயரும் இதில் வராது. காரணம் போகப் போகத் தெரியும்.

பின்னணி: ஒரு மனு போன வழி

எல்லாம் ஒரு தற்காலிக ஊழியரிடமிருந்து தொடங்கியது. மலையில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தில், ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வந்தவர். கோப்புகளை எடுத்துக் கொடுப்பது, நகல் எடுப்பது அவர் வேலை. மலைப்பகுதியில் கட்டட அனுமதி வாங்குவது சமவெளியைப் போல இல்லை. வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று பல இடங்களில் தடையின்மைச் சான்று வேண்டியிருக்கும். அப்படி ஒரு கோப்பில், சான்று கிடைத்த பிறகு வரைபடம் மட்டும் மாற்றி வைக்கப்பட்டிருந்ததை அவர் கவனித்தார். சரிவும் வேறு, மாடிகளின் எண்ணிக்கையும் வேறு.

மொட்டைக் கடிதம் போட்டால் குப்பைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் எழுதி, திண்டுக்கல் இறங்கிப் போய், திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்தார். மனுவுக்கு எண் விழுந்தது. 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு அது எங்கே அனுப்பப்பட்டது தெரியுமா? எந்த அலுவலகத்தின் மீது புகாரோ, அதே அலுவலகத்துக்கு. பெயரும் முகவரியும் அப்படியே இருந்தன.

யாரும் சதி செய்ததாக நான் சொல்லமாட்டேன். குறைதீர்க்கும் நாளில் வரும் மனுக்கள் எல்லாமே சம்பந்தப்பட்ட துறைக்குத்தான் போகின்றன. குடிநீர் இணைப்புக்கும் பட்டாவுக்கும் அது சரியான வழி. இந்த மாதிரிப் புகாருக்கு அது ஆபத்தான வழி. சில நாட்களுக்குள் மூஞ்சிக்கல் டீக்கடை வரை விஷயம் தெரிந்துவிட்டது. 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று ஒப்பந்ததாரர் வாய்மொழியாகச் சொன்னார். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரவில்லை. பழிவாங்கப்பட்டார் என்று நிரூபிக்க நினைத்தாலும் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

சட்டம் எங்கே நின்றது

அவர் வழக்கறிஞரைத் தேடி வந்தார். 'நம்மள மாதிரி ஆளுங்களுக்குச் சட்டம் ஏதும் இல்லையா சார்?' என்று கேட்டார். வழக்கறிஞர் சொன்ன பதில் எங்களுக்கே புதிது.

சட்டம் இருக்கிறது. பத்திரிகைகள் விசில்புளோயர் சட்டம் என்று எழுதுவது அதைத்தான். அதன் வேர் பீகாரில் நடந்த ஒரு கொலை. தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படியும் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு பல மேசைகளைச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான், 2004 ஏப்ரலில், மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. புகாரை மூடிய உறையில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம், ஆணையம் பெயரைக் காக்கும். ஆனால் அது மத்திய அரசு ஊழியர்கள், மத்திய நிறுவனங்கள் பற்றிய புகார்களுக்கு மட்டும். மாநில அரசின் கீழ் வரும் அலுவலகத்துக்கு அது பொருந்தாது.

மாநில ஊழியர்கள் மீதான புகாரையும் சேர்த்து வந்ததுதான் 2014ஆம் ஆண்டுச் சட்டம். மசோதா 2010 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமானது. 2011 டிசம்பர் 27 அன்று மக்களவையிலும், 2014 பிப்ரவரி 21 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதே ஆண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். புகார் சொன்னவரின் அடையாளத்தை வெளியிட்டால் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. பொய் என்று தெரிந்தே புகார் கொடுத்தால் இரண்டாண்டு வரை சிறை என்பதும் இருக்கிறது. ஆனால் சட்டம் எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை மத்திய அரசு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு வரவே இல்லை. எங்கள் ஊழியர் மனு கொடுத்தபோது சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து நாலு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஓட்டுநர் அண்ணன் இங்கே ஒரு கேள்வி கேட்டார். அவர் உறவினர் ஒருவர் இங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாதரசக் கழிவு விவகாரம் 2001இல் வெளியே வந்து, ஆலை மூடி, 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆகிவிட்டது. 'இந்தச் சட்டம் அன்னிக்கு இருந்திருந்தா உள்ள இருந்தவங்க தைரியமாப் பேசியிருப்பாங்களா?' என்றார். இல்லை. இந்தச் சட்டம் அரசு ஊழியர்களின் ஊழல், அதிகார துஷ்பிரயோகம் பற்றியது. தனியார் ஆலைக்குள் நடப்பதை வெளியே சொல்லும் தொழிலாளிக்கு இதில் இடமே இல்லை. அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு கூற்றுகள்

இந்த நேரத்தில் ஒரு முன்னாள் மக்களவை உறுப்பினர் மலைக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. 2009 முதல் 2014 வரை வேறு ஒரு தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். இந்த முறை எங்கள் திண்டுக்கல் தொகுதியில் நிற்கக்கூடும் என்று பேச்சு அடிபட்டது. அவர் ஆட்கள் கொடுத்த நோட்டீஸில், 'ஊழலை அம்பலப்படுத்துவோரைக் காக்கும் சட்டத்துக்கு வாக்களித்தவர்' என்று ஒரு வரி இருந்தது.

அதே வாரம் எதிர்த் தரப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் வேறொன்று வந்தது: 'அந்தச் சட்டத்தை 2015இல் நீர்த்துப்போகச் செய்ய வாக்களித்தவர் இவர்தான்.'

சாதாரணமாக இருந்தால் இரண்டையும் கடந்து போயிருப்போம். வேலை இழந்தவர் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார். முன்னாள் உறுப்பினர் மலைக்கு வருவதற்குள் உண்மையைத் தேடி எடுத்து, ஒரு பக்கத் துண்டறிக்கையாகப் போட்டுக் கூட்டத்தில் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

தேடியதும் கிடைத்ததும்

தேடும் வேலையை முதுகலை படித்த பெண் எடுத்துக்கொண்டாள். மக்களவை விவாதங்களின் முழுப் பதிவு இணையத்தில் இருக்கிறது. தமிழில் பேசியவர்களின் பேச்சு ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் அதில் இருக்கும் என்பதால், தமிழில் தேடினால் ஒன்றும் வராது.

முதலில் 2015 பற்றிய கூற்று உடைந்தது. திருத்த மசோதா அந்த ஆண்டு மே 11 அன்று அறிமுகமாகி, மே 13 அன்றே மக்களவையில் நிறைவேறியது. பத்து வகைத் தகவல்களைப் புகாரில் சேர்க்கக் கூடாது என்றும், அலுவலக ரகசியச் சட்டத்திலிருந்து புகார்தாரருக்கு இருந்த பாதுகாப்பு போகும் என்றும் அதில் இருந்தது. நீர்த்துப்போகச் செய்யும் திருத்தம் என்று சொன்னது தவறில்லை. ஆனால் நம்முடைய ஆள் 2014 மே மாதத்தோடு உறுப்பினரே இல்லை. இல்லாதவர் எப்படி வாக்களிப்பார்? வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் இந்தச் சின்னக் கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

அடுத்தது 2011. சிக்கல் இங்கேதான்.

ஒரு மசோதாவை நிறைவேற்றும்போது சபாநாயகர் கேட்பார்: ஆதரிப்போர் 'ஆம்' என்க, மறுப்போர் 'இல்லை' என்க. எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று காதால் கேட்டு, 'ஆம்' என்போர் பக்கம் வென்றது என்று அறிவிப்பார். இதுதான் குரல் வாக்கெடுப்பு. யாராவது ஓர் உறுப்பினர் அந்த முடிவை ஏற்காமல் டிவிஷன் கேட்டால்தான், மக்களவை நடைமுறை விதி 367இன்படி ஒவ்வொருவர் வாக்கும் தனியாகப் பதிவாகும். அப்போதுதான் 'ஆம்' பட்டியலிலும் 'இல்லை' பட்டியலிலும் பெயர்கள் அச்சாகும். யாரும் கேட்காவிட்டால் பதிவில் இருப்பது 'மசோதா நிறைவேறியது' என்ற ஒரே வரி. இந்த மசோதாவுக்கு நடந்தது அதுதான்.

2011 டிசம்பர் 27 இரவின் பதிவில் வேறொன்று இருந்தது. அதே நாளில்தான், ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பை உருவாக்கும் லோக்பால் மசோதாவும் வந்தது. அதற்கு அரசியலமைப்பு அந்தஸ்து கொடுக்கும் 116ஆவது திருத்த மசோதாவும் வந்தது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கு வேண்டும். அதனால் அதற்குத் தலை எண்ணியே ஆக வேண்டும். எண்ணினார்கள், அந்த எண்ணிக்கை கிடைக்காமல் திருத்தம் தோற்றது. அந்தப் பெயர்ப் பட்டியலில் நம்முடைய ஆள் பெயர் இருந்தது. ஆக, அந்த இரவு அவர் அவையில் இருந்தார். சில கட்சிகள் வெளிநடப்புச் செய்த இரவு அது, அதனால் இதுவும் ஒரு தகவல்தான். ஆனால் நாங்கள் தேடிய மசோதாவுக்கு அவர் 'ஆம்' என்றாரா, வாயே திறக்கவில்லையா என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

விவாதத்தில் அவர் பேசவில்லை. ஐந்தாண்டில் அவர் கேட்ட கேள்விகளில் ரயில், சாலை, உரம் எல்லாம் இருந்தன. புகார் சொல்பவர்களின் பாதுகாப்பு பற்றி ஒன்றுகூட இல்லை.

குழுவுக்குள் நடந்த வாதம்

தலைமையாசிரியர் சொன்னார்: 'கட்சி ஆதரிச்சிருக்கு. கொறடா உத்தரவை மீறினா பதவி போகும். அப்போ இவரும் ஆதரிச்சார்னு போட்டுடலாமே?' கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வழக்கறிஞர் ஒத்துக்கொள்ளவில்லை. கட்சித் தாவல் தடைச் சட்டத்தை வைத்து ஒருவர் எப்படி வாக்களித்திருப்பார் என்று ஊகிக்கலாம். ஊகத்தைப் பதிவு என்று அச்சடித்தால், வாட்ஸ்அப்காரர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

விடுதி அக்கா நேர் எதிர்த் திசையில் போனார். 'பதிவு இல்லன்னா வாக்களிக்கலன்னுதானே அர்த்தம்? அப்படியே போடுங்க.' அதையும் ஏற்கவில்லை. அப்படிப் போட்டால் அந்த இரவு அவையில் இருந்த எல்லோருமே வாக்களிக்காதவர்கள் ஆகிவிடுவார்கள்.

நான் வழக்கறிஞர் பக்கம்தான் இருந்தேன். 'வாக்களித்தார்', 'வாக்களிக்கவில்லை' என்ற இரண்டு கட்டங்களை மட்டும் வைத்து ஒருவரை அளக்கப் போனால், குரல் வாக்கெடுப்பில் போன மசோதாக்கள் எல்லாம் அதற்குள் அடங்காமல் போகும். கடைசியில் அறிக்கையில் வாக்கு என்ற இடத்தில் 'பதிவு இல்லை. குரல் வாக்கெடுப்பு' என்று எழுதுவது என்று முடிவானது. அதற்குக் கீழே அவர் அன்று அவையில் இருந்தது, பேசாதது, ஐந்தாண்டில் கேள்வி கேட்காதது, 2015இல் உறுப்பினராக இல்லாதது. அவ்வளவுதான்.

இன்னொரு முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊழியரின் கதையை அறிக்கையில் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. சேர்த்தால் படிப்பவர்கள் மனசைத் தொடும், கேள்விக்கும் கூர்மை வரும். பெயர் இல்லாமல் போடலாம் என்றோம். அவரையே கேட்டோம். 'எம் பேரு வேணாம் சார், ஆபீஸ் பேரும் வேணாம். இந்த ஊர்ல ஆபீஸ் பேரைப் போட்டா எம் பேரைப் போட்ட மாதிரிதான்' என்றார். கதையை முழுவதும் எடுத்துவிட்டோம். அறிக்கை வறண்டு போனது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம்.

அச்சகத்தில்

அச்சக உரிமையாளர் வாசகத்தைப் படித்ததும் கையை விரித்தார். தேர்தலை ஒட்டிய துண்டறிக்கையில் அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127அ. வெளியிடுபவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும், அவரை நேரில் அறிந்த இருவரின் சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தேர்தல் இன்னும் அறிவிக்கப்படவில்லையே, இவர் வேட்பாளரும் இல்லையே என்று வழக்கறிஞர் வாதாடினார். 'உங்களுக்கென்ன சார், கேஸ் வந்தா மெஷினு என்னோடது' என்றார் அவர். அவர் சொன்னதும் சரிதான்.

பெயரை மறைத்து வாழ வேண்டியவருக்காகத் தொடங்கிய வேலையில், யாராவது ஒருவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை. தலைமையாசிரியர் தன் பெயரைக் கொடுத்தார். ஓய்வூதியக்காரர், யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

கூட்டம்

சமுதாயக் கூடத்தில் நல்ல கூட்டம். பேச்சு முடிந்து கேள்வி நேரத்தில் தலைமையாசிரியர் எழுந்தார். 'நோட்டீஸ்ல இருக்கிற வாக்குக்குப் பதிவு எங்கே?' என்று கேட்டார்.

'அந்த ராத்திரி நான் சபையிலதான் இருந்தேன். ஆம்னு சொன்னேன். எழுதி வச்சுக்கிட்டா சொல்ல முடியும்?' என்றார் முன்னாள் உறுப்பினர். கூடம் சிரித்தது.

'அப்படின்னா நீங்க ஏன் டிவிஷன் கேக்கல?'

'எங்க கட்சி ஆதரிச்ச மசோதா, ஜெயிக்கப் போகுதுன்னு தெரியும். தோக்கிறவன்தான் டிவிஷன் கேப்பான்.'

நேர்மையான பதில் என்றே நினைக்கிறேன். ஜெயிக்கும் பக்கம் இருப்பவர்களுக்குத் தலை எண்ணச் சொல்ல ஒரு தேவையும் இல்லை. அதனால்தான், பெரிதாக எதிர்ப்பில்லாமல் போன நல்ல சட்டங்களில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது பதிவில் இருப்பதில்லை.

சட்டம் ஏன் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, அதற்காக ஏதாவது செய்தீர்களா என்றும் கேட்டோம். ஒப்புதல் வந்த மாதமே தன் பதவிக்காலம் முடிந்துவிட்டது என்றார். தேதியைப் பார்த்தால் அது சரி. அதன் பிறகு வெளியிலிருந்து பேசினீர்களா என்ற கேள்விக்கு, 'இனிமே பேசுறேன்' என்றார்.

பிறகு நடந்தவை

சில நாட்கள் கழித்து வந்த புது நோட்டீஸில் 'வாக்களித்தவர்' என்பது போய், 'சட்டம் நிறைவேறியபோது அவையில் இருந்தவர்' என்று வந்தது. வாட்ஸ்அப் செய்தி மட்டும் நிற்கவில்லை. 2015இல் அவர் உறுப்பினரே இல்லை என்று நாங்கள் எழுதியதற்காக, அவருக்கு வெள்ளையடிக்கிறோம் என்று எதிர்த் தரப்பு திட்டியது. 'பதிவு இல்லை' என்று போட்டதற்காக இவர் தரப்பும் திட்டியது. அவருக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. அதற்கும் எங்கள் அறிக்கைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

2019 மே மாதம் 16ஆவது மக்களவை கலைந்தது. மாநிலங்களவையில் நிலுவையில் இருந்த 2015 திருத்த மசோதா அதோடு காலாவதியானது. 2014ஆம் ஆண்டுச் சட்டமோ நடைமுறைக்கு வராமல் அப்படியே நிற்கிறது.

ஊழியருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது பூண்டு வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறார். வழக்கறிஞர் உதவியோடு இரண்டாவது புகார் ஒன்றை லஞ்ச ஒழிப்புத் துறைக்கு மூடிய உறையில் அனுப்பினார். பெயரும் முகவரியும் உள்ளே தனித்தாளில், புகார் வேறு தாளில். பெற்றுக்கொண்டதற்கான சீட்டு வந்தது. வேறு தகவல் எங்களுக்கு வரவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

ஓர் உறுப்பினரின் வாக்கைத் தேடும் முன், அந்த மசோதாவுக்கு டிவிஷன் நடந்ததா என்று பார்ப்பதே முதல் வேலை. அது பத்து நிமிட வேலை. நடக்கவில்லை என்றால் 'வாக்களிப்பு வரலாறு' என்ற தலைப்பையே போடக்கூடாது. 'அவையில் செய்தவை' என்று போட்டு, பேச்சு, கேள்வி, கொண்டுவந்த திருத்தம், நிலைக்குழு வேலை ஆகியவற்றைத் தேட வேண்டும். இவை எல்லாம் பெயரோடு பதிவாகின்றன. வருகைப் பதிவேட்டைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். கையெழுத்து இருந்தால் அன்று வந்தார் என்றுதான் பொருள், வாக்கெடுப்பின்போது இருக்கையில் இருந்தார் என்று இல்லை.

தேதிகளை வைத்தே பொய் என்று சொல்லக்கூடிய கூற்றுக்கு, அச்சடித்த அறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உறுப்பினராக இருந்த காலம் பற்றிய இரண்டு வரியை அதே வாட்ஸ்அப் குழுக்களில் அன்றே போட்டிருந்தால், அந்தச் செய்தி ஓரளவாவது அடங்கியிருக்கும்.

பெயர் வெளியே வந்தால் ஆபத்து என்ற புகாரை எவரும் குறைதீர்க்கும் நாள் மேசையில் கொடுக்க வேண்டாம் என்று இப்போது எங்களிடம் வருபவர்களுக்குச் சொல்கிறோம். மத்திய அரசு அலுவலகம் என்றால் 2004 தீர்மானத்தின் வழி இருக்கிறது. உறையின் மேல் அனுப்புநர் பெயர் கூடாது, உள்ளே பெயர் கட்டாயம். மாநில அலுவலகம் என்றால், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

வேட்பாளரிடம் கேட்கும் கேள்வியையும் மாற்றிவிட்டோம். 'இந்தச் சட்டத்தை ஆதரிப்பீர்களா' என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. சட்டம் நடைமுறைக்கு வரும் தேதியைக் கேட்டு, பதவியேற்ற முதல் ஆண்டுக்குள் எழுத்துபூர்வமாக ஒரு கேள்வி போடுவீர்களா என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு ஓர் எண் இருக்கும், அமைச்சரின் பதிலும் இருக்கும். இரண்டும் பதிவில் நிற்கும்.